கேம் திணறினால் கிராபிக்ஸ் கார்டுதான் காரணமா? வாங்கும் முன் அளந்து பார்க்கும் முறை

கேம் திக்கித் திக்கி ஓடினால் உடனே புது கார்டு விலையைத் தேடாதீர்கள். பிராசஸர் திணறினாலும் ரேம் போதாவிட்டாலும் திரையில் தெரிவது அதே திக்கல்தான். எது காரணம் என்று ஒரு மாலை நேரத்தில் அளந்துவிடலாம். அளக்காமல் கார்டு வாங்கினால், பணம் போன பிறகும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற எண்) அப்படியே நிற்கும் வாய்ப்பு நிறைய உண்டு.

உதாரணத்துக்கு இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செட்டப்பை எடுத்துக்கொள்வோம்: இன்டெல் ஐ5-9400எஃப், ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், 1080பி மானிட்டர்.

படி 1: கார்டுக்கு முன் செய்ய வேண்டியவை

மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டில் செருகியிருக்கிறதா பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டராக இருந்தாலும் விண்டோஸ் அதை 60-லேயே வைத்திருக்கலாம். டிஸ்ப்ளே செட்டிங்கில் மாற்றுங்கள். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பி ஆன் செய்யுங்கள்; ரேமை அதற்கு அறிவித்த வேகத்தில் ஓட வைப்பது அதுதான். கார்டின் ஹீட்சிங்க்கில் படிந்த தூசியை ஊதி எடுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை ரேம் ஸ்டிக் இருந்தால் அதே வேகத்தில் இன்னொன்று போட்டு டூயல் சேனலாக்குவது (இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வேலை செய்வது) கார்டுக்கு முந்தைய வேலை. 8 ஜிபி ரேம் நிரம்பி வழியும்போது வரும் திக்கல், எந்த கார்டு போட்டாலும் போகாது.

படி 2: அளக்கும் கருவி

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போதும். எந்த கம்பெனி கார்டிலும் ஓடும். கூடவே வரும் ரிவாட்யூனரையும் நிறுவுங்கள்; திரையில் எண்களைக் காட்டுவது அதுதான். கார்டு டிரைவர்களோடு வரும் ஓவர்லேயைவிட இதையே பரிந்துரைப்பேன், பிராசஸரின் ஒவ்வொரு த்ரெட்டையும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) தனித்தனியாகக் காட்டுவதால்.

செட்டிங்ஸில் மானிட்டரிங் பக்கத்துக்குப் போய் இவற்றைத் தேர்ந்தெடுங்கள்: கார்டு பயன்பாடு, கார்டு வெப்பம், வீடியோ மெமரி, ஒவ்வொரு சிபியு த்ரெட்டின் பயன்பாடு, ரேம், ஃப்ரேம்ரேட் (எஃப்பிஎஸ்), ஃப்ரேம்டைம் (ஒரு ஃப்ரேம் வர ஆகும் நேரம்). இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். இடப்பக்க டிக் மட்டும் போட்டால் வரைபடத்தில்தான் தெரியும், கேமுக்குள் தெரியாது. ஒவ்வொரு வரியையும் கிளிக் செய்து, கீழே ஆன்-ஸ்கிரீன் டிஸ்ப்ளேயில் காட்டு என்ற டிக்கையும் போட வேண்டும். ஃப்ரேம்டைமை மட்டும் எண்ணாக வைக்காமல் கிராஃபாக மாற்றுங்கள். சராசரி 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், கோடு அதையொட்டித் தட்டையாகப் போக வேண்டும். நடுநடுவே 50, 60 மில்லிசெகண்டுக்குத் துள்ளினால் அதுதான் கண்ணில் படும் திக்கல்.

படி 3: சோதனை

முதலில் வி-சிங்க்கையும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்) எல்லா ஃப்ரேம் லிமிட்டையும் அணையுங்கள். இதை விட்டால் கீழே வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

கேமில் கூட்டம் நிறைந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதே பாதையில் இரண்டு நிமிடம் வீதம் மூன்று முறை நடங்கள். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராவதால் அதில் திக்கல் கூடுதலாக இருக்கும்.

கார்டு பயன்பாடு விடாமல் 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டு முழு மூச்சில் வேலை செய்கிறது. 70, 80-க்கு இறங்கி இறங்கி ஏறினால் பெரும்பாலும் பிராசஸரால் அதற்கு வேலை கொடுத்து முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு பெரிய ஏமாற்று உண்டு. டாஸ்க் மேனேஜரில் சிபியு 45 சதவீதம் என்று பார்த்துவிட்டு, பிராசஸர் சும்மாதான் இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். அது எல்லா கோர்களின் சராசரி. 9400எஃப்-இல் 6 கோர், 6 த்ரெட். கேமின் முதன்மை த்ரெட் ஒன்று மட்டும் ஒரு கோரை முழுதாக அடைத்துக்கொண்டாலும் மொத்தக் கணக்கில் அது 17 சதவீதம்தான். 12 த்ரெட் உள்ள ரைசன் 5 3600-இல் வெறும் 8 சதவீதம். விண்டோஸ் அந்த வேலையைக் கோருக்குக் கோர் மாற்றிக்கொண்டே இருப்பதால் எந்த ஒரு கோரும் 100 காட்டாமலும் போகலாம். அதனால் சிபியு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கார்டு பயன்பாட்டைப் பாருங்கள், பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

மற்ற செட்டிங் எதையும் தொடாமல் ரிசல்யூஷனை மட்டும் 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். அதே பாதையில் நடங்கள். 48 எஃப்பிஎஸ் 80-க்குப் போனால் கார்டுதான் தடை. 48 வெறும் 52 ஆனால் பிராசஸர் தடை. புது கார்டு போட்டாலும் அந்தக் கேமில் கிட்டத்தட்ட 52-தான் கிடைக்கும்.

அந்த 720பி எண்ணை எழுதி வையுங்கள். அதே செட்டிங்கில் உங்கள் பிராசஸர் தரக்கூடிய உச்சம் ஏறத்தாழ அதுதான். கார்டு 720பி-யிலும் 97-இல் நின்றால் உச்சம் இன்னும் மேலே இருக்கிறது என்று அர்த்தம். உச்சத்துக்கும் இப்போதைய எண்ணுக்கும் 40 சதவீதமாவது இடைவெளி இல்லையென்றால் கார்டு வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. 50 எஃப்பிஎஸ் 58 ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

வீடியோ மெமரி தனிக் கதை. 4 ஜிபி கார்டில் 3.8 காட்டினால் பயப்படத் தேவையில்லை. கேம் ஒதுக்கி வைத்திருப்பதும் அதில் சேர்ந்தே வரும். கேமராவைத் திருப்பும்போது ஃப்ரேம்டைம் துள்ளினால், சுவர்கள் சில நொடிகள் மங்கலாக நின்றால், கேம் செட்டிங்கில் டெக்ஸ்சரை (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) ஒரு படி இறக்குங்கள். துள்ளல் நின்றுவிட்டால் குறை மெமரியில்தான்.

கார்டு மாற்ற இன்னொரு காரணமும் உண்டு: கேமே ஓட மறுப்பது. இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டுக்கும் ஹார்ட்வேர் ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் வசதி கார்டிலேயே இருப்பது) கட்டாயம். ஜிடிஎக்ஸ் 1650-இல் அது கிடையாது. அங்கே அளக்க ஒன்றுமில்லை.

படி 4: பவர் சப்ளையும் இடமும்

பெட்டியில் எழுதிய வாட்டை நம்பாதீர்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் பகுதியின் ஆம்பியரைப் பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 450 வாட் என்று போட்டு 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்றிருந்தால் கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்து 216 வாட்தான்.

1650 போன்ற 75 வாட் கார்டுகள் பலவும் ஸ்லாட்டிலிருந்தே முழு மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும். அடுத்த நிலைக்கு 8 பின் கனெக்டர் வேண்டும். அது பவர் சப்ளையிலிருந்தே வர வேண்டும். மோலெக்ஸ் கனெக்டரை 8 பின்னாக மாற்றும் அடாப்டரைத் தொடாதீர்கள். அந்த மெல்லிய வயர் 150 வாட் தாங்காமல் உருகலாம். 600 விஏ யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பெரும்பாலும் அதன் திறன் 360 வாட்தான். கரண்ட் போகும் நொடியில் கேம் ஓடி, மொத்த லோடு அதைத் தாண்டியிருந்தால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடலாம்.

கேபினட்டின் பின்பக்கத் தகட்டிலிருந்து முன் ஃபேன் வரை டேப் வைத்து அளந்து, கார்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஆபீஸ் டெஸ்க்டாப்பில் பவர் சப்ளையின் வடிவமும் கனெக்டரும் தனி மாதிரியாக இருக்கலாம். அப்போது அதை மட்டும் தனியாக மாற்ற முடியாது.

படி 5: எந்த கார்டு

9400எஃப்-க்கு ஆர்எக்ஸ் 6600 என் தேர்வு. 8 ஜிபி, 132 வாட். 115 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 4060 இன்னும் நல்ல கார்டுதான், டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரிசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியா வசதி) வேண்டுமென்றால் அதுவே. ஆனால் இந்த பிராசஸரால் அதை முழுதாக ஓட்ட முடியாது. இரண்டுமே 8 லேன் (மதர்போர்டோடு தரவு போய்வரும் பாதைகள்) கார்டுகள், பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட் உள்ள போர்டில் கொஞ்சம் குறையும், பெரிதாக அல்ல. 4 லேனும் 4 ஜிபியும் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யைப் பழைய போர்டில் போடாதீர்கள்: மெமரி நிரம்பியதும் அந்தக் குறுகிய வழியில்தான் எல்லாம் போய்வர வேண்டும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (வீடியோ மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) தேவை. இன்டெலில் 10-ஆம் தலைமுறை முதல்தான் அதற்கு அதிகாரபூர்வ ஆதரவு. 9400எஃப் 9-ஆம் தலைமுறை, அதனால் இங்கே அவை வேண்டாம்.

பழைய கார்டு வாங்குவதாக இருந்தால் ஜிபியு-இசட் (கார்டின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள். பெயர் மாற்றி விற்கும் பல போலிகளை அது காட்டிக்கொடுக்கும். 20 நிமிடம் லோடில் ஓடவிட்டு, ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) வெப்பத்துக்கும் சாதாரண வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 25 டிகிரிக்கு மேல் போனால் சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே உள்ள பேஸ்ட் காய்ந்திருக்கலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மாற்றும் நாளில்

பழைய டிரைவரை சேஃப் மோடில் டிடியு (டிரைவரை முழுதாக நீக்கும் மென்பொருள்) கொண்டு நீக்குங்கள், என்விடியாவிலிருந்து ஏஎம்டி-க்கு மாறினால் கட்டாயம். 9400எஃப்-இல் உள் கிராபிக்ஸ் இல்லை. கார்டைக் கழற்றிய பின் மதர்போர்டு போர்ட்டில் படம் வராது, பழுதென்று பதற வேண்டாம்.

பின்சேர்க்கை: கார்டு பயன்பாடு 55 சதவீதம், எஃப்பிஎஸ் சரியாக 60, அப்படியானால் பிராசஸர்தான் தடையா என்று சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை. எண் 60-இல் ஆணி அடித்தாற்போல் நின்றால் எங்கோ ஒரு லிமிட் இருக்கிறது. கேமுக்குள் அணைத்திருந்தாலும் என்விடியா கன்ட்ரோல் பேனலில் வி-சிங்க் ஆனாக இருக்கலாம், ரிவாட்யூனரிலேயே லிமிட் போட்டிருக்கலாம். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அணைத்துவிட்டு மூன்றாம் படியை முதலிலிருந்து செய்யுங்கள்.