"வலித்தால் கொடுங்கள்": காது அறுவைக்குப் பிறகு குழந்தைகளுக்கு வலி மருந்து தருவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ரெக்கவரி அறையில், புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். ஐந்து வயதுப் பையன், செவிப்பறை ஓட்டையை அடைக்கும் அறுவை முடிந்து வந்திருக்கிறான். "பாராசிட்டமால் சிரப், வலித்தால்" என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டார். எனக்குச் சுருக்கென்றது. பல வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய அதே மூன்று வார்த்தை.

நான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடாது, எடை பார்க்காமல் அளவு சொல்லக் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் படித்ததுதான். அதில் இறங்கப்போவதில்லை. நன்றாகத் தெரிந்தவர்களே செய்கிற தப்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப்போகும் அம்மா, அப்பாவுக்கும் இதில் பாதியாவது உதவும்.

## எல்லாக் காது அறுவையும் ஒன்றென்று நினைப்பது

செவிப்பறையில் சின்னக் கீறல் போட்டு குரோமெட் குழாய் வைப்பது சில நிமிஷ வேலை. வலி லேசாகத்தான் இருக்கும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். பாராசிட்டமாலை அறுவைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே குடிக்கக் கொடுத்துவிட்டால், குழந்தை கண் விழிக்கும்போது மருந்து வேலை செய்துகொண்டிருக்கும். எழுந்து அழுத பிறகு பாட்டிலைத் தேடுவதில் அர்த்தமில்லை.

காதுக்குப் பின்னால் வெட்டி, மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து செய்யும் அறுவை வேறு ஜாதி. தோலும் எலும்புச் சவ்வும் வெட்டுப்பட்டிருக்கும், தலையைச் சுற்றிக் கட்டு இருக்கும், குமட்டலும் சேர்ந்துகொள்ளும். முதல் இரண்டு நாள்தான் மோசம். கீழே சொல்லப்போவது முக்கியமாக இந்தக் குழந்தைகளைப் பற்றித்தான்.

## "வலித்தால் கொடுங்கள்"

என்னை இன்றும் எரிச்சல்படுத்துகிற தப்பு இது.

அப்போது எனக்கு முதல் வருஷம். ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு மாஸ்டாய்டு அறுவை. காது மடலுக்கும் அதன் பின்பக்கத் தோலுக்கும் உணர்வு கொண்டுபோகும் பெரிய நரம்பு ஒன்று கழுத்தின் பக்கவாட்டில் மேலேறி வரும். அதைச் சுற்றி பியூபிவக்கைன் ஊசி போட்டு மரக்கவைத்தேன். அருமையாக வேலை செய்தது. ரெக்கவரியில் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, தன் பொம்மைக்கும் தலைக்கட்டு போடச் சொன்னாள். சிஸ்டர் தந்த பஞ்சுத் துணியில் பொம்மைக்கும் கட்டுப் போட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையிலேயே வார்டுக்கான சீட்டில் "வலித்தால்" என்று எழுதி அனுப்பினேன்.

மரப்பு மாலை ஏழு மணிக்குள் விட்டிருக்கும். ஆனால் அவள் மயக்கத்தின் அசதியில் தூங்கிப்போயிருந்தாள். தூங்குகிற பிள்ளைக்கு வலி இருக்காது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். இரவு இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், கட்டிலின் தலைப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தாள். தலைக்கட்டைப் பிய்த்து எறிந்திருந்தாள். காதுக்குப் பின்னால் தையல் ஓரத்தில் ரத்தம் கசிந்து தலையணை உறையில் திட்டாகப் படிந்திருந்தது. சிரப் கொடுத்தால் அழுகையோடு அழுகையாக வாந்தி எடுத்துவிட்டாள். நரம்பு வழியாக மருந்து ஏற்ற ஊசிக்குழாயும் இல்லை, சாயங்காலமே கழற்றியாயிற்று. அழுகிற குழந்தையை நாலு பேர் பிடித்துப் புதிதாக ஊசி குத்தி, மருந்து ஏற்றி, அவள் அடங்கும்போது மணி நாலரை. மறுபடி கட்டுப் போட இன்னொரு முறை மயக்கம் கொடுக்க வேண்டிவந்தது. அதன் பிறகு கட்டுப் பிரிக்க வந்த ஒவ்வொரு முறையும், வாசலில் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிடுவாள்.

அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. "சாயங்காலம் நல்லாத்தானே விளையாடிட்டிருந்தா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். என் சீனியர்தான் விடிந்ததும் பிடித்துக்கொண்டார். "நீ போட்ட மருந்து எத்தனை மணிக்கு விடும்னு இந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் சீட்டில என்ன எழுதினான்? வலித்தால்!"

கணக்கு ரொம்ப எளிது. அந்த ஊசியின் மரப்பு பொதுவாக நாலிலிருந்து எட்டு மணி நேரம் தாங்கும். வாய் வழியாகக் கொடுக்கும் பாராசிட்டமால் வேலையை ஆரம்பிக்க அரை மணியாகும், முழு வீச்சில் வர ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆகவே காது மரத்திருக்கும்போதே முதல் வேளை உள்ளே போயிருக்க வேண்டும். வலி தலைக்கேறிய பிறகு கொடுத்தால், அந்த ஒரு மணி நேரம் முழுக்கக் குழந்தை அழும். அழுதால் வாந்தி வரும், வாந்தியோடு மருந்தும் வெளியே வந்துவிடும். அதன் பிறகு எது கொடுத்தாலும் பத்தாது.

இப்போது நான் எழுதுவது இப்படி இருக்கும். குழந்தையின் எடை 16 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது வேளைக்கு 240 மில்லிகிராம். காலை 8 மணிக்கு அறுவைக்கு முன் ஒரு வேளை, மதியம் 2, இரவு 8, நள்ளிரவு தாண்டி 2, மறுபடி காலை 8. இருபத்துநாலு மணி நேரத்தில் நாலு வேளைக்கு மேல் கிடையாது. இதோடு இப்யூபுரூஃபன் கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை: மாலை 6, இரவு 2, காலை 10. இரவு 2 மணிக்கு இரண்டும் ஒன்றாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். வேண்டுமென்றே அப்படி வைத்ததுதான், குழந்தையை ஒரு தடவை எழுப்பினால் போதும்.

எழுப்பத்தான் வேண்டுமா என்று கேட்பார்கள். குரோமெட் வைத்த குழந்தையை எழுப்பாதீர்கள், தூங்கட்டும். மாஸ்டாய்டு அறுவை செய்த குழந்தையை முதல் இரவு மட்டும் எழுப்புங்கள். பாதித் தூக்கத்திலேயே சிரிஞ்சால் கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் விழுங்கிக்கொள்ளும்.

48 மணி நேரம் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். அதற்குப் பிறகு "வலித்தால்" என்று மாற்றிக்கொள்ளலாம். அந்த வார்த்தைக்கு மூன்றாம் நாள்தான் இடம்.

வாந்தி எடுத்துக்கொண்டே இருக்கும் குழந்தை, நீர் வற்றிப்போன குழந்தை, சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தை, இந்த வகை மருந்தால் மூச்சிரைப்பு அதிகமாகும் குழந்தை, இவர்களுக்கெல்லாம் இப்யூபுரூஃபன் வேண்டாம். குடித்த அரை மணிக்குள் பாராசிட்டமாலை வாந்தி எடுத்துவிட்டால் ஒரு தடவை திரும்பக் கொடுக்கலாம். அரை மணி தாண்டிவிட்டால் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள்.

இத்தனையும் எழுதிக் கொடுத்தாலும் வீட்டில் போய்க் குறைத்துவிடுவார்கள். "விளையாடுறவளுக்கு எதுக்கு மருந்து? உடம்புக்குக் கெடுதல்தானே?" அவள் விளையாடுவதே மருந்து உள்ளே இருப்பதால்தான். இதை டிஸ்சார்ஜ் அன்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நேரத்தை மணி போட்டு எழுதித் தர வேண்டும். "ஆறு மணிக்கு ஒருமுறை" என்று எழுதினால், அதைச் சாயங்காலம் ஆறு மணி என்று படித்தவர்களும் உண்டு.

## மில்லி மட்டும் சொல்வது

அதே 240 மில்லிகிராம், 5 மில்லியில் 120 உள்ள சிரப்பில் 10 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளதில் 4.8 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தில் 2.4 மில்லி. "பத்து மில்லி" என்பது மட்டும் மனதில் நின்று, வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை எடுத்தால் ஒரு நாளுக்கான மொத்த அளவும் ஒரே வாயில் போய்விடும். பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அளவு சொல்லுங்கள். சளி மருந்து பாட்டிலின் லேபிளையும் பாருங்கள், அதிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கலாம்.

## கோடீன், டிரமடால்

அபின் வகையைச் சேர்ந்த இந்த இரண்டு வலி மருந்தும் 12 வயதுக்குக் கீழ் வேண்டாம். சில குழந்தைகளின் கல்லீரல் கோடீனை மடமடவென்று மார்ஃபினாக மாற்றிவிடும், மூச்சு அடங்கிப்போகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இந்த வயதுக்கு இரண்டையும் விலக்கிவிட்டது. எந்தக் குழந்தை அப்படிப்பட்டது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

## கண் விழித்ததும் அலறினால் வலி என்றே முடிவு கட்டுவது

செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்து எழும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள் சில, முதல் அரை மணிக்குள் வெறி பிடித்தது போல உதைத்துக் கத்தும். அம்மாவையே அடையாளம் தெரியாது. வலியே இல்லாத ஸ்கேனுக்காக மயக்கம் கொடுத்த குழந்தையும் இதே மாதிரி கத்துவதைப் பார்க்கலாம். கண்ணைப் பாருங்கள். வலிக்கிற குழந்தை உங்களைப் பார்க்கும், அதன் கை காதுக்குப் போகும். மயக்கக் குழப்பத்தில் இருக்கும் குழந்தையின் பார்வை உங்களைத் தாண்டி எங்கோ போகும். அடிபடாமல் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் கால் மணியில் தானாகத் தெளியும். இரண்டில் எது என்று பிரிக்க முடியாவிட்டால் வலி என்று வைத்துக்கொண்டு மருந்து கொடுங்கள். அந்தப் பக்கம் தப்பு செய்வது மேல்.

## கட்டைப் பிரித்துப் பார்க்காமல் மருந்தைக் கூட்டுவது

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். நேரத்துக்கு மருந்து போயும் கூடிக்கொண்டே போனால், தப்பு மருந்தில் இல்லை, கட்டுக்குள்ளே இருக்கிறது. காது மடல் மடங்கிய நிலையில் கட்டு இறுகியிருக்கலாம். ரத்தம் தேங்கியிருக்கலாம், முக்கியமாகத் துருத்தி நிற்கும் காது மடலைச் சரிசெய்த பிறகு ஒரு பக்கம் மட்டும் வலி ஏறினால். அங்கே தேங்கும் ரத்தம் குருத்தெலும்பையே கெடுத்துவிடும். சர்ஜனை நள்ளிரவில் எழுப்பத் தயங்கி மூன்றாவது வலி மருந்தை எழுதுகிற பழக்கம் இளம் மருத்துவர்களிடம் இருக்கிறது. எழுப்புங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: வலி ஏறிக்கொண்டே போனால், முகம் ஒரு பக்கம் கோணினால், நிற்க முடியாமல் தலை சுற்றினால், காய்ச்சலோடு சீழ் வந்தால், அடுத்த வேளை மருந்துக்காகக் காத்திருக்காமல் கிளம்பி வாருங்கள்.

## "சாப்பிட மாட்டேங்குறா"

மெல்லும்போது வலிக்கிறது. செவிப்பறையை ஒட்டுவதற்கான சவ்வை, காதுக்கு மேலே மெல்லும் தசையின் மீதிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, மெல்லத் தேவையில்லாத உணவாகக் கொடுத்துப் பாருங்கள்.

## அமைதியான குழந்தையை நம்புவது

வார்டில் சத்தம் போடும் குழந்தைக்கு எப்படியும் மருந்து கிடைத்துவிடும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, அசையாமல் கிடக்கிறதே, அதைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். பேசத் தெரியாத வயதில் முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டுப் பத்துக்குக் கணக்கிடும் முறை இருக்கிறது. நாலு வயதுக்கு மேல் முகப் படங்களைக் காட்டிக் கேட்கலாம். "வலிக்குதா?" என்று மொட்டையாகக் கேட்டால், ஊசிக்குப் பயந்து இல்லை என்றுதான் தலையாட்டும்.

காது கேளாமல் காக்ளியர் இம்ப்ளாண்டுக்கு, அதாவது உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் அறுவைக்கு, வரும் குழந்தையிடம் அந்தக் கேள்வியையே கேட்க முடியாது. அறுவைக்கு முந்தின நாளே, வலி என்பதற்கு அந்த வீட்டில் என்ன சைகை செய்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டுக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். சைகை எதுவும் இல்லையென்றால் அன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். மறு காதில் கருவி போட்டிருந்த குழந்தையென்றால், தியேட்டர் வாசலில் கழற்றிய அந்தக் கருவி எங்கே என்று தேடுங்கள். ஒருமுறை ஒரு மணி நேரம் ஓயாமல் அழுத பையனுக்கு மருந்துக்கு மேல் மருந்து போட்டுப் பார்த்தோம். கருவி அவன் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. மாட்டியதும் அம்மா குரல் வந்த பக்கம் திரும்பினான், அழுகை விக்கலாகிவிட்டது.

## காதுச் சொட்டு மருந்தைக் குளிர்ச்சியாக விடுவது

தலை சுற்றும். பாட்டிலை இரண்டு நிமிஷம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்துவிட்டு விடுங்கள்.