காக்காவும் தாத்தாவும் வேறு வேறு

என் பேரனுக்கு மூன்றரை வயது. மாடிச் சுவரில் காக்கா வந்து உட்கார்ந்தாலும் ‘தாத்தா’ என்பான், நான் போய் நின்றாலும் ‘தாத்தா’தான். கடலை ‘தடலை’, கை ‘தை’. முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக ‘ககார ஙகாரம் முதல்நா அண்ணம்’ என்று தொல்காப்பியம் நடத்தியவன் நான். அந்த முதல்நா எங்கே இருக்கிறது என்று என் வாய்க்குள்ளேயே தேடியது இவனால்தான்.

நீங்களும் முதலில் உங்கள் வாயில் பாருங்கள். ‘தா’ சொன்னால் நுனிநாக்கு மேல்பல்லைத் தொடும். ‘கா’ சொன்னால் நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னால் சும்மா கிடக்கும். முதல்நா என்கிற நாக்கின் பின்பக்கம்தான் எழும்பி, உள்நாக்குக்கு முன்னால் மெத்தென்று இருக்கிற அண்ணத்தில் ஒட்டி மூச்சை அடைக்கும். பின்னால் அடைக்க வேண்டியதைக் குழந்தை முன்னால் அடைக்கிறது, அவ்வளவே. நுனியின் வேலையைப் பிடுங்கிவிட வேண்டும்.

கையைக் கழுவிவிட்டு, நுனிநாக்கை விரலால் கீழே அழுத்திக்கொண்டு ‘தா’ சொல்லிப் பாருங்கள். வராது. ‘கா’ தாராளமாக வரும். பேரனுக்கு நான் விரல் வைத்தேன், கடித்துவிட்டான். மறுநாள் அவன் விரலையே வைக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ‘தா’ சொல்லப் போனவனுக்கு, தொண்டைப் பக்கமிருந்து ‘க்ஹா’ என்று ஏதோ வந்தது. அது போதும். பாயில் மல்லாக்கப் படுக்கவைத்தும் சொல்லவைத்தேன். நாக்கு தானாகப் பின்னால் சரிவதால் இன்னும் சுலபம்.

‘ங்’ வருகிற குழந்தையானால் ‘மாங்ங்ங்’ என்று இழுக்கச் சொல்லி, அப்படியே ‘காய்’ என்று விடச் சொல்லுங்கள். ‘ங்’கும் அதே இடம்தான், மூச்சு மட்டும் மூக்கு வழி. நடுவில் மூக்கைப் பிடித்தால் சத்தம் நின்றுவிடும். இந்த விளையாட்டை அவன் விடவே இல்லை.

எழுத்து வரிசைப்படி போகாதீர்கள். கா, கோ, கூ முதலில். ‘கி’, ‘கே’ நாக்கை முன்னால் இழுக்கும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ‘பகல்’ போன்ற சொற்களும் வேண்டாம், அங்கே ‘க’ இளகிவிடுகிறது, நாக்கு சரியாகத் தொடுவதே இல்லை. அக்கா, பக்கம், சக்கரம் என்று அழுத்தி அடைக்கிற சொற்களாகக் கொடுங்கள். இடைநாவில் பிறக்கிற ‘ச’, ‘ஞ’ பக்கம் இப்போது போகவே வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் குழந்தை முறைக்கும். நாலு வயது தாண்டியும் வராவிட்டால் காதைச் சோதித்துவிட்டு, பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று வாரத்தில் ‘காக்கா’ வந்துவிட்டது. வந்த வேகத்தில் என்னையும் ‘காக்கா’ என்றான். இப்போது காக்கா படத்தையும் என் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கிறேன். சரியாகச் சொன்னால் ஒரு கடலை.