தமிழ் உடைஞ்சு தெரியுதா? ஃபான்ட் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

தமிழ் சரியா தெரியலன்னா உடனே "வேற ஃபான்ட் போட்டுப் பாரு"ன்னு தான் எல்லாரும் சொல்வாங்க. ஆனா பாதி நேரம் ஃபான்ட் மேல தப்பே இருக்காது. எப்படி உடைஞ்சிருக்குன்னு முதல்ல உத்துப் பாருங்க, காரணம் அதுலயே தெரிஞ்சிடும்.

கட்டம் கட்டமா தெரிஞ்சா அது ஃபான்ட் பிரச்சினை தான், அந்த எழுத்துக்கான உருவம் ஃபான்ட்ல இல்ல. ஒரு ஃபான்ட் ஃபைல்ல அதிகபட்சம் 65,535 உருவம் தான் வைக்க முடியும், எல்லா மொழி எழுத்துக்கும் ஆளுக்கொரு நம்பர் கொடுக்கிற யூனிகோட்லயோ ஒன்றரை லட்சம் எழுத்துக்கு மேல இருக்கு, அதனால உலகத்துல உள்ள எல்லா எழுத்தும் ஒரே ஃபான்ட்ல அடங்காது. கூகுளோட நோட்டோ ஃபான்ட் கூட நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் தேவநாகரின்னு தனித்தனியா வர்றது இதனால தான். நீங்க கேட்ட ஃபான்ட்ல தமிழ் இல்லன்னா சிஸ்டம் தானா வேற ஒண்ணைத் தேடி எடுத்துக்கும், விண்டோஸ்ல பெரும்பாலும் நிர்மலா யூஐங்கிற ஃபான்ட். வெப்சைட்ல இங்கிலீஷ் ஒரு சைஸ்ல, தமிழ் ஒரு சைஸ்ல தெரியுறதுக்கும் இது தான் காரணம், பக்கத்தோட தோற்றத்தை எழுதுற சிஎஸ்எஸ்ல ஒரு தமிழ் ஃபான்ட் பேரையும் நீங்களே சேர்த்துடுங்க.

அடுத்தது தான் ரொம்ப பேரை அலைய விடுறது. எங்க வீட்டு கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப்ல "திருக்கோயில்"ங்கிறதுல "கோ"வோட கொம்பு க-வுக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நின்னுச்சு. நாலு ஃபான்ட் மாத்தியும் அப்படியே தான் இருந்துச்சு. ஏன்னா கம்ப்யூட்டர் உள்ள "கோ"வை சேமிக்கும்போது முதல்ல க, அப்புறம் தான் ஓகாரக் குறி. அந்தக் குறியை ரெண்டா பிரிச்சு, கொம்பைத் தூக்கி க-வுக்கு முன்னாடியும் காலை பின்னாடியும் வைக்கிறதுக்கு ஷேப்பிங் இன்ஜின்னு தனியா ஒண்ணு இருக்கு. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபீஸ் எல்லாம் ஹார்ஃப்பஸ்ங்கிற இன்ஜினை வச்சு இதை சரியா செய்யுது. டிசைன் சாஃப்ட்வேர்ல தான் நாம போய் ஆன் பண்ணணும், இன்டிசைன்ல பேராகிராஃப் பேனல் மெனுவுல அடோபி வேர்ல்ட் ரெடி கம்போசரை செலக்ட் பண்ணுங்க, பழைய ஃபோட்டோஷாப்னா செட்டிங்ஸ்ல டைப் பகுதியில தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் இன்ஜின் இருக்கும். பைதான்ல பில்லோங்கிற இமேஜ் லைப்ரரியை வச்சு இமேஜ் மேல தமிழ் எழுதுறவங்க ரேக்ம் லைப்ரரி இருக்கான்னு பாருங்க, அது இல்லாம கொம்பு இடம் மாறித் தான் வரும். சரியா வந்ததும் பிரஸ்ஸுக்கு பிடிஎஃப் அனுப்பும்போது ஃபான்ட்டை எம்பெட் பண்ணிடுங்க, அதாவது ஃபைலுக்குள்ளயே சேர்த்துடுங்க.

புள்ளி புள்ளியா ஒரு வட்டம், பக்கத்துல துணைக்காலோ கொம்போ தனியா நின்னா டைப்பிங் தப்பு. குறி ஒட்டிக்க எழுத்து இல்லாம நிக்குது. அழிச்சிட்டு திரும்ப டைப் பண்ணுங்க, அவ்ளோ தான்.

"தமிழ்"னு இருக்க வேண்டிய இடத்துல ஜே கே பி ஓ செமிகோலன்னு இங்கிலீஷா வந்தா அது பாமினிங்கிற பழைய ஃபான்ட்ல டைப் பண்ண ஃபைல். உள்ள இருக்கிறது நிஜமாவே இங்கிலீஷ் எழுத்து தான், ஃபான்ட் தான் அதுக்கு தமிழ் வேஷம் போட்டு காட்டுச்சு. அதைத் திறக்க பாமினியை தேடி இன்ஸ்டால் பண்றதை விட ஒரு கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்தி வச்சிருங்க, அப்போ தான் நாளைக்கு தேடினாலும் கிடைக்கும்.

கண்ணுக்கே தெரியாத ஒரு தப்பும் இருக்கு. "கௌதம்"னு டைப் பண்ண நிறைய பேர் க, ஒற்றைக்கொம்பு, அப்புறம் ள போட்டுடறாங்க. பார்க்க அப்படியே இருக்கும், ஆனா கம்ப்யூட்டருக்கு அது "கெ-ள-தம்", லிஸ்ட்ல பேரைத் தேடினா வராது. சந்தேகமா இருந்தா கர்சரை "கௌ"வுக்கு அடுத்து வச்சு ஒரே ஒரு தடவை பேக்ஸ்பேஸ் அடிங்க. "க" மட்டும் மிச்சம் இருந்தா சரி, "கெ"ன்னு நின்னா அங்க இருந்தது ள.