வலைத்தளத்தைப் பிறர் கண்ணால் பார்ப்பது எப்படி?

பாம்பன், மண்டபம் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்கு வலைத்தளம் அமைப்பவர், அதை வெளியிடும் முன் சக வடிவமைப்பாளர் ஒருவரிடமும் கணினி வேலை அறியாத ஒருவரிடமும் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதில்தான் வரும். மாறாக, ‘நாளைக்கு இருவர் தங்க ஓர் அறையைப் பதிவு செய்யுங்கள்’ என்று வேலை கொடுத்து, அவர் எங்கே தயங்குகிறார், எதைத் தவறாகத் தொடுகிறார் என்பதைக் குறுக்கிடாமல் கவனிக்க வேண்டும். விளக்கம் சொல்ல வாய் துடிக்கும், அடக்கிக்கொள்வது நல்லது.

குரோம், எட்ஜ் ஆகிய உலாவிகள் இரண்டும், பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பிளிங்க் என்ற ஒரே பொறியில் (மென்பொருளில்) இயங்குவதால், அவ்விரண்டில் மட்டும் பார்ப்பது சோதனையாகாது. கெக்கோவில் இயங்கும் ஃபயர்பாக்ஸிலும் வெப்கிட்டில் இயங்கும் சஃபாரியிலும் பார்த்தாக வேண்டும். ஐபோன் வைத்திருக்கும் நண்பரிடம் முகவரியை அனுப்பி, ஸ்கிரீன்ஷாட், போனின் மாடல், உலாவியின் பதிப்பு எண் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறலாம். ‘என் போனில் சரியாகத் தெரியவில்லை’ என்ற ஒற்றை வரியை வைத்து எதையும் திருத்த முடியாது.

தமிழ்ப் பக்கங்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என எழுத்துரு மாறும்போது சொல்லின் அகலமும் மாறுவதால், ‘இராமநாதபுரம்’ போன்ற நீண்ட சொல் பொத்தானை விட்டு வெளியே வழியக்கூடும். எழுத்துருவைத் தளத்துடனேயே வழங்கினால் இது பெரிதும் குறையும்.

நிறங்களைத் தனுஷ்கோடி வெயிலில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது அணுகல்தன்மை நெறிமுறை, அதாவது பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டல்.