வீட்டு ஹார்டு டிஸ்க்குக்கு எந்த ஃபைல் சிஸ்டம்?

புது டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய உட்காரும்போது எந்த ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) வேகம் என்று தேடத் தேவையில்லை. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் அந்த வித்தியாசம் வீட்டு உபயோகத்தில் பெரும்பாலும் தெரியாது. பார்க்க வேண்டியவை இரண்டுதான்: இந்த டிஸ்க்கில் எந்தெந்த இயங்குதளம் எழுதப்போகிறது? எழுதும் நடுவில் கரண்ட் போனால் அதைச் சரிசெய்ய என்ன இருக்கிறது?

விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், யோசிக்கவே வேண்டாம். செய்யப்போகும் மாற்றங்களை இது முதலில் ஒரு ஜர்னலில் குறித்துக்கொள்கிறது. திடீரென அணைந்தாலும் அடுத்த முறை பூட் ஆகும்போது அதைப் பார்த்துக் கட்டமைப்பைச் சீராக்கிவிடும். அப்போது எழுதிக்கொண்டிருந்த ஃபைல் போகலாம்; ஜர்னல் காப்பது ஃபோல்டர் அமைப்பைத்தான்.

'எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடும்' என்று எக்ஸ்ஃபேட்டை உள் டிஸ்க்குக்கும் பரிந்துரைப்பார்கள். கேட்காதீர்கள். அதில் ஜர்னல் இல்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் வழக்கமாக ஒரே பிரதிதான். இன்னொரு சிக்கல், 32 ஜிபிக்கு மேற்பட்ட பார்ட்டிஷனில் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) விண்டோஸ் தானாக எடுத்துக்கொள்ளும் கிளஸ்டர் அளவு, அதாவது ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் குறைந்தபட்ச இடம், 128 கேபி. 2 கேபி ஃபைலும் 128 கேபி இடத்தைப் பிடிக்கும். அப்படி ஒரு லட்சம் சின்ன ஃபைல்கள் இருந்தால் சுமார் 12 ஜிபி போய்விடும். என்டிஎஃப்எஸ்ஸின் வழக்கமான 4 கேபி கிளஸ்டரில் அதே ஃபைல்கள் 400 எம்பி அளவில் அடங்கும். விண்டோஸுக்கும் மேக்குக்கும் நடுவே போய்வரும் வெளி டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபேட் சரி, ஏனென்றால் மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்குமே தவிர, தானாக அதில் எழுதாது.

ஃபேட்32 பழைய டிவி, கார் ஸ்டீரியோ பென் டிரைவுக்கு மட்டும். 4 ஜிபியைத் தொடும் ஃபைல் அதில் ஏறாது.

லினக்ஸ் மட்டும் என்றால் எக்ஸ்ட்4. ஒரு சங்கதி: இது 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென (லினக்ஸின் நிர்வாகி கணக்கு) ஒதுக்கிவிடும், அதாவது 2 டிபி டிஸ்க்கில் 100 ஜிபி. படம், பாட்டு மட்டும் வைக்கும் டிஸ்க் என்றால் அதை 1 சதவீதமாகக் குறைத்துவிடலாம். லினக்ஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டமான பிடிஆர்எஃப்எஸ் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் செக்சம் (அது கெட்டதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு எண்) வைக்கும். ஆனால் ஒரே டிஸ்க் இருந்தால் ஃபைல் கெட்டதைச் சொல்லுமே ஒழிய, மீட்டுத் தராது.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் பொது டேட்டா பார்ட்டிஷனுக்கு என்டிஎஃப்எஸ்தான். லினக்ஸ் 5.15 கெர்னலிலிருந்து (லினக்ஸின் மையப் பகுதி) அதற்கு எழுதும் வசதியுள்ள டிரைவர் உள்ளேயே இருக்கிறது. பிரச்சினை வருவது விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பால். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதி உறக்க நிலையில்தான் போகிறது. லினக்ஸ் அந்த பார்ட்டிஷனை மவுன்ட் செய்ய (திறந்து பயன்படுத்த) மறுக்கும், அல்லது படிக்க மட்டும் விடும். வலுக்கட்டாயமாக எழுதினால் ஃபைல்கள் சிதையும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் அமைப்பில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இந்த பார்ட்டிஷனை முழுதாகப் பழுதுபார்ப்பது விண்டோஸின் செக்டிஸ்க்தான். ஆகவே விண்டோஸை ஒரேயடியாக நீக்கும் நாளில் டேட்டாவையும் எக்ஸ்ட்4-க்கு மாற்றுவது நல்லது.

விண்டோஸில் ஃபார்மேட் செய்ய: விண்டோஸ் கீயோடு எக்ஸ் அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கவும். புது டிஸ்க் என்றால் எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும் (பார்ட்டிஷன் விவரத்தைக் குறித்துவைக்கும் இரண்டு முறைகள்), ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆரில் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் வீணாகும். கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ். அலொகேஷன் யூனிட்டை (கிளஸ்டர் அளவு) டிஃபால்ட்டிலேயே விடவும், கம்ப்ரஷன் வேண்டாம். பழைய சுழலும் டிஸ்க் என்றால் குவிக் ஃபார்மேட் டிக்கை எடுங்கள். டிஸ்க் முழுவதும் எழுதி, கெட்ட செக்டர்களை (டிஸ்க்கின் பழுதான சிறு இடங்கள்) கண்டுபிடிக்கும். 2 டிபிக்கு நாலைந்து மணி நேரமாவது ஆகும். புதிதாக வாங்கியதற்கு குவிக் போதும்.

ஓகே அழுத்துமுன் அளவைப் பாருங்கள். 2 டிபி டிஸ்க் அங்கே 1863 ஜிபி என்றுதான் தெரியும். ஒரே அளவில் இரண்டு டிஸ்க் மாட்டியிருந்தால், டேட்டா உள்ளதன் கேபிளைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். ஃபேட்32-இல் ஏற்கெனவே டேட்டா இருந்தால் கன்வெர்ட் கட்டளை அழிக்காமலே என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றும், முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டு செய்யவும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்த வசதி கிடையாது; எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்துவிட்டு ஃபார்மேட் செய்வது ஒன்றே வழி.