கிர்க் வெள்ளை ஒயின்: பூவிலிருந்து கோப்பை வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரோவேஷியாவின் கோர்ச்சுலா தீவில், கிழக்கு முனையில் லும்பார்தா என்றொரு சிற்றூர். ஊரை ஒட்டிய மணற்பாங்கான வயல்கள்தான் கிர்க் என்னும் வெள்ளைத் திராட்சையின் வீடு. வெளியே அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டிருக்கிறார்கள். ஆனால் கிர்க் என்றால் லும்பார்தாதான். விளைச்சல் குறைவு. வடிக்கும் ஒயினில் பெரும்பகுதி தீவிலும் அருகிலுள்ள கடலோரத்திலுமே தீர்ந்துவிடும்.

இந்தத் திராட்சையைப் பயிரிடுவதிலும் பிழிவதிலும் வாங்கிக் குடிப்பதிலும் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. கிர்க்கின் பூ எப்படிப்பட்டது என்று பார்க்காமல், மற்ற ஒயின் திராட்சைகளைப் போலவே இதையும் நடத்துவதுதான் அது.

தனியாக நடுவது

ஒயினுக்காகப் பயிராகும் திராட்சை வகைகளில் ஏறக்குறைய எல்லாமே இருபால் பூ பூப்பவை. சூலகமும் மகரந்தமும் ஒரே பூவில் இருக்கும். தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். கிர்க்கின் பூவிலும் மகரந்தத் தாள்கள் இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. உற்றுப் பார்த்தால் அந்தத் தாள்கள் நிமிர்ந்து நிற்காமல் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அவற்றின் மகரந்தம் முளைக்காது. செயலளவில் அது பெண் பூ.

ஆகவே, ஒரு வயல் முழுக்கக் கிர்க் மட்டும் நட்டால் கொடி நன்றாகத் தழைக்கும், பூக்கும், பிறகு பூ உதிர்ந்து காம்பு மட்டும் நிற்கும். உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று காரணம் தேடி அலைவதில் பயனில்லை. மகரந்தம் தர வேறொரு வகை பக்கத்தில் இருக்க வேண்டும். லும்பார்தாவில் அந்த வேலையைச் செய்வது பிளாவட்ஸ் மாலி என்ற கருந்திராட்சை. இரண்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பூப்பவை என்பதுதான் இந்தத் துணையின் பலம். பூ மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருப்பது சில நாட்களே. ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ பூக்கும் வகையைத் துணைக்கு வைத்தால் அது இருந்தும் இல்லாததுபோலத்தான்.

அடுத்த பிழை, துணைக்கொடியை வயலின் ஓர் ஓரத்தில் மொத்தமாக நட்டுவைப்பது. திராட்சை மகரந்தம் காற்றிலும் சிறு பூச்சிகளாலும் பரவுகிறது. தூரம் கூடக்கூட வந்து சேரும் அளவு விரைவாகக் குறைந்துவிடும். நான்கைந்து கிர்க் வரிசைக்கு ஒரு பிளாவட்ஸ் வரிசை என்று இடையிடையே வருமாறு நடுவது நல்லது. பூக்கும் பருவத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று முன்பே கவனித்து, துணை வரிசைகள் கிர்க்குக்குக் காற்று வரும் பக்கத்தில் அமையும்படி பார்க்க வேண்டும்.

கருந்திராட்சையின் மகரந்தம் விழுந்தால் வெள்ளைத் திராட்சை நிறம் மாறிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. மாறாது. தோலும் சதையும் தாய்க்கொடியின் திசுக்கள். மகரந்தம் தந்த கொடியின் பண்பு விதைக்குள் மட்டுமே போகும். கிர்க் ஒயினில் பிளாவட்ஸின் நிறமோ சுவையோ மகரந்தத்தின் வழியாக வர வாய்ப்பே இல்லை. அதே காரணத்தால்தான் விதை போட்டுக் கிர்க் வளர்க்க முடியாது. விதையில் வருவது வேறொரு கலப்புக் கொடி. குச்சி வெட்டி வேர்விடச் செய்தோ, வேர்க்கன்றில் ஒட்டுக்கட்டியோதான் பெருக்க வேண்டும்.

டிஎன்ஏ ஆய்வுகள் சொல்லும் ஒரு செய்தி இங்கே சுவையானது. அமெரிக்காவில் சின்ஃபாண்டெல் என்று பெயர்பெற்ற திரிபிதிராக் என்ற பழைய தல்மேசிய (குரோவேஷியாவின் கடலோரப் பகுதி) வகைக்குக் கிர்க் நெருங்கிய சொந்தம். பிளாவட்ஸ் மாலி அதே திரிபிதிராக்கின் பிள்ளை. நம்மூர்ப் பழக்கம்போல உறவுக்குள்ளேயே சம்பந்தம். விதையை யாரும் நடப்போவதில்லை என்பதால் இந்த நெருக்கத்தால் தீங்கு எதுவும் இல்லை.

பூக்கும் வாரத்தில் செய்யக் கூடாதவை

மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையிலான சில நாட்களில்தான் அந்த ஆண்டின் ஒயின் எவ்வளவு என்பது முடிவாகிறது. மழை பெய்தாலோ வெப்பம் 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினாலோ மகரந்தம் பறக்காது, முளைப்பதும் மந்தமாகும். இருபால் வகைகளுக்கும் இது நட்டம்தான். வெளியிலிருந்து வரும் மகரந்தத்தையே நம்பியிருக்கும் கிர்க்குக்கு இரட்டை நட்டம். வானிலை நம் கையில் இல்லை. கையில் இருப்பவற்றையாவது கெடுக்காமல் இருக்கலாம்.

மணல் மண்ணில் சத்து நிற்காது என்ற கவலையில் பூப்பதற்கு முன் தழைச்சத்தை அள்ளிக் கொட்டுவது முதல் கெடுதல். கொடி தளிர்விடுவதிலேயே முனைந்து பூங்கொத்தைப் பட்டினி போடும், பூ உதிரும். தழைச்சத்து வேண்டுமானால் காய் பிடித்த பிறகு கொடுங்கள். பூக்கும்போது மிக வேகமாக ஓடும் கிளைகளின் நுனியைக் கிள்ளிவிட்டால் உணவு சில நாட்களுக்குப் பூங்கொத்துப் பக்கம் திரும்பும்.

போரான் கதை வேறு. மகரந்தக் குழாய் சூலகம்வரை வளர அது தேவை. மணலில் மழைநீரோடு கரைந்து கீழே போய்விடும் சத்தும் அதுதான். இலை ஆய்வில் குறை தெரிந்தால் பூப்பதற்குச் சற்று முன் ஹெக்டேருக்குச் சில நூறு கிராம் போரான் கணக்கில் இலைவழி தெளிக்கலாம். ஆய்வு இல்லாமல், நல்லதுதானே என்று கூட்டித் தெளிப்பது தவறு. போதாமைக்கும் நஞ்சுக்கும் இடையே இடைவெளி மிகச் சிறியது. கூடினால் இலை விளிம்பு கருகும்.

தாமிரம் கலந்த மருந்துகளையும் போர்டோ கலவையையும் பூ விரிந்திருக்கும் நாட்களில் அடிக்காதீர்கள்; மகரந்தம் கெடும். பூப்பதற்கு முன்பும் காய் பிடித்த பின்பும் அடிக்கலாம். தல்மேசியாவின் வறண்ட கோடையில் பெரிய தொல்லை சாம்பல் நோய். அதற்குக் கந்தகம் போதும். ஆனால் 32 பாகைக்கு மேல் வெயில் கொளுத்தும் நாளில் தூவினால் இலையும் காயும் வெந்துபோகும். அறுவடைக்கு ஐந்து வாரம் முன்பே கந்தகத்தை நிறுத்துங்கள். தோலில் தங்கும் கந்தகத்தை ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றமாக மாற்றிவிடும்.

காய் பிடிப்பு குறைகிறதே என்று ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கும் யோசனையும் சிலருக்கு வரும். உண்ணும் விதையில்லாத் திராட்சைக்கு அது பழகிய முறை. விதையுள்ள ஒயின் திராட்சையில் அடுத்த ஆண்டு மொட்டுகள் பூங்கொத்து தராமல் போகும் அபாயம் உண்டு. கிர்க்கின் தளர்ந்த குலையில் ஒரு நன்மையும் இருக்கிறது. காய்களுக்கு நடுவே காற்று புகுவதால் அழுகல் குறைவு. நெருக்கமான குலை வேண்டும் என்று ஆசைப்படத் தேவையில்லை.

குலையில் மூன்று வகைக் காய்

கிர்க் அறுவடையில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். மகரந்தச் சேர்க்கை சமச்சீராக நடப்பதில்லை என்பதால் ஒரே குலையில் விதையுள்ள முழுக் காய், விதையில்லாத சிறு காய், பட்டாணிபோல் இறுகிப் பச்சையாகவே நின்றுவிட்ட காய் என்று மூன்று வகை இருக்கும். விதையில்லாச் சிறு காய் முந்திப் பழுக்கும், இனிப்பும் கூடுதல். பச்சைக் காய் எத்தனை நாள் விட்டாலும் பழுக்காது.

வரிசையில் நடந்துகொண்டே கைக்கு எட்டிய நாலைந்து பழங்களை நசுக்கி, சாற்றின் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால், தற்செயலாகச் சிறு காய்களே மாட்டி, 24 பிரிக்ஸ் (சர்க்கரையின் அளவு) என்று காட்டும். தோட்டத்தின் உண்மையான அளவு அதைவிட இரண்டு மூன்று குறைவாக இருக்கலாம். சரியான முறை: தோட்டம் முழுவதும் நடந்து, வரிசையின் இரு பக்கமும், குலையின் மேல், நடு, அடி என்று மாறி மாறி 200 காய்கள் பறியுங்கள். பெரிது சிறிது பார்க்காமல் எடுத்து எல்லாவற்றையும் சேர்த்து நசுக்கி, வடிகட்டிய சாற்றை அளக்க வேண்டும். 22 முதல் 24 பிரிக்ஸ் இருந்தால் 13 முதல் 14 விழுக்காடு ஆல்கஹால் வரும். இனிப்பு ஏறட்டும் என்று மேலும் காத்திருந்தால் புளிப்பு இறங்கி ஒயின் கனத்துப்போகும். புளிப்பைக் காட்டும் பி.எச். 3.3ஐ ஒட்டி இருக்கும்போதே பறிப்பது நல்லது.

பறிக்கும்போது பச்சைக் காய் அதிகமுள்ள குலைப் பகுதியை வயலிலேயே வெட்டி எறியுங்கள். ஒயின் ஆலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சாறு பிழியும் பிரஸ்ஸுக்குள் போய்விடும். அந்தப் பச்சைக் கசப்பைப் பிறகு எடுக்க முடியாது. இடையிலுள்ள பிளாவட்ஸ் கொடிகளைப் பறிப்பவர்கள் தொடக் கூடாது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிளாவட்ஸ் தாமதமாகப் பழுக்கும். ஒரே வயல்தானே என்று சேர்த்து அறுத்தால் அங்கே பழுக்காத சிவப்பு, இங்கே இளஞ்சிவப்புச் சாறு, இரண்டும் வீண்.

கசப்பை வளர்க்கும் பிழிதல்

கிர்க் ஒயினின் முடிவில் மெல்லிய கசப்பு இயல்பாகவே உண்டு. அதுதான் அதன் அடையாளம். அந்தக் கசப்பைக் குறையாக எண்ணி மறைக்கப் பார்ப்பதும், கவனக்குறைவால் அதைத் துவர்ப்பாக்கிவிடுவதும் இரு எதிரெதிர்த் தவறுகள். இரண்டாவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

விடியலில் பறித்து, 15 முதல் 20 கிலோ கொள்ளும் ஆழமற்ற பெட்டிகளில் நசுங்காமல் கொண்டுவந்து, முழுக் குலையாகவே பிரஸ்ஸில் போடுவது பாதுகாப்பான வழி. வெயிலில் சூடேறிய பழத்தை நசுக்கித் தோலோடு இரவெல்லாம் ஊறவிட்டால் துவர்ப்பு சாற்றில் இறங்கிவிடும். தானாக வடியும் சாற்றையும் மெதுவான அழுத்தத்தில் வருவதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். அழுத்தம் 1 பாரைத் தாண்டியதும் வாளியை மாற்றிவிடுங்கள். சாற்றைச் சுவைத்துப் பார்த்தாலே நாக்கு உலர்வது தெரியும். ஒரு கிலோவுக்கு 600 முதல் 650 மில்லி நல்ல சாறு கிடைத்தால் போதும். அரிய திராட்சை, வீணாக்குவானேன் என்று கடைசிச் சொட்டுவரை பிழிபவர்கள்தான் முழுத் தொட்டியையும் கெடுக்கிறார்கள்.

மீதி வேலைகள் எந்த நல்ல வெள்ளை ஒயினுக்கும் உரியவை. 100 லிட்டர் சாற்றுக்கு ஏறத்தாழ 9 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போட்டால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் கந்தக டைஆக்சைடு கிடைக்கும். ஒரு நாள் 8 முதல் 10 பாகையில் வைத்துத் தெளியவிடுங்கள். கண்ணாடிபோல் தெளியும்வரை காத்திருப்பது தவறு. ஈஸ்ட்டுக்குத் தேவையான சத்தும் வண்டலோடு போய், நொதித்தல் பாதியில் நின்றுவிடும். மணல் நிலத்துத் திராட்சையில் நைட்ரஜன் குறைவாக இருப்பது வழக்கம், ஆகவே சாற்றை ஆய்வு செய்து குறையிருந்தால் நிரப்புங்கள். 100 லிட்டருக்கு 20 கிராம் டிஏபி (டைஅமோனியம் பாஸ்பேட்), லிட்டருக்குச் சுமார் 42 மில்லிகிராம் நைட்ரஜன் தரும். உணவுத் தரமுள்ளதாக இருக்க வேண்டும், உரக்கடை டிஏபி கூடாது. நொதித்தல் 14 முதல் 18 பாகையில் நடக்கட்டும். புது ஓக் பீப்பாயில் போட்டால் கிர்க்கின் எலுமிச்சை, பைன், வெண்மிளகு மணம் எல்லாம் மரவாசனைக்கு அடியில் போய்விடும். எவர்சில்வர் தொட்டியே இதற்கு ஏற்றது.

கந்தக டைஆக்சைடு அளவை எல்லா ஒயினுக்கும் ஒன்றாக வைப்பதும் பிழை. பி.எச். 3.3இல் லிட்டருக்கு 26 மில்லிகிராம் தனிநிலைக் கந்தக டைஆக்சைடு தரும் அதே பாதுகாப்பைப் பெற, 3.5இல் 40 மில்லிகிராம் வேண்டும். தொட்டியில் காற்றிடைவெளி விடாமல் நிரப்பி வைக்கவில்லையென்றால் இந்தக் கணக்கும் உதவாது.

வாங்கும்போதும் ஊற்றும்போதும்

கோர்ச்சுலா வெள்ளை ஒயின் என்று கேட்டால் பல இடங்களில் முதலில் வருவது போஷிப். அதுவும் அதே தீவின் திராட்சைதான். ஸ்மோக்வித்சா, சாரா ஊர்களின் பெருமை. ஆனால் இருபால் பூ கொண்ட வகை, விளைச்சல் தாராளம், சுவையும் வேறு. பாட்டிலில் கிர்க் என்ற பெயரைப் பார்த்து வாங்குங்கள். ‘சுகோ’ என்று போட்டிருந்தால் இனிப்பில்லாதது. காயவைத்த திராட்சையில் வடிக்கும் ‘ப்ரோஷெக்’ இனிப்பு ஒயின், கிர்க்கிலும் செய்கிறார்கள். அதை இத்தாலியின் நுரைக்கும் பிரோசெக்கோ என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

கிரேக்கர்கள் கொண்டுவந்த திராட்சை என்று விற்பனையாளர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் இங்கே கிரேக்கர்கள் குடியேறி நிலம் பகிர்ந்துகொண்டதற்கு லும்பார்தாவில் கிடைத்த கல்வெட்டே சான்று. ஆனால் கிர்க்கின் மரபணு உறவுகள் தல்மேசிய வகைகளோடுதான் பிணைந்திருக்கின்றன.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே 4 பாகையில் ஊற்றினால் மணம் அடங்கி, கசப்பு மட்டும் முன்னால் நிற்கும். கிர்க் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் பலர் அப்படிக் குடித்தவர்களாகத்தான் இருப்பார்கள். சற்று நேரம் வெளியே வைத்து 10 முதல் 12 பாகையில் குடியுங்கள். வெறும் வயிற்றில் தனியாக வேண்டாம். சுட்ட மீன், உப்பிட்ட நெத்திலி, எதிர்க்கரையான பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்தின் ஸ்தோன் பகுதிச் சிப்பி என்று உப்பும் கொழுப்பும் உள்ள உணவோடு சேரும்போது அந்தக் கசப்பு வாயைச் சுத்தமாக்கி அடுத்த கவளத்துக்குத் தயார்செய்யும். இனிப்புக் குழம்போ, சர்க்கரை தூக்கலான சாஸோ பக்கத்தில் இருந்தால் அதே ஒயின் கடுகடுக்கும். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும், அதற்குள் முடித்துவிடுங்கள்.