பைப் ஃபிட்டர் ஆவதற்கான படிகள்

வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஆலைகளில் பைப் ஃபிட்டராக (குழாய்களை அளந்து, வெட்டி, பொருத்துபவராக) விரும்புவோர், பத்தாம் வகுப்புத் தேறியபின் ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டு ஃபிட்டர் பிரிவில் சேர்வதே நல்லது. 1 ஆண்டு பிளம்பர் பிரிவு வீட்டுக் குழாய் வேலைக்குப் போதுமென்றாலும், ஆலைக்கு அது குறைவே என்பது என் கருத்து. தேர்வில் தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும்.

அடுத்து, ராணிப்பேட்டை பெல் (பி.எச்.இ.எல்.) போன்ற ஆலையில் தொழிற்பழகுநராகப் பயின்று, அகில இந்தியத் தேர்வெழுதி, தொழிற்பழகுநர் சான்றிதழ் பெற வேண்டும். ஐசோமெட்ரிக் வரைபடத்தை (குழாய்த் தடத்தை முப்பரிமாணமாகக் காட்டும் படம்) வாசிக்கவும், வெட்டும் நீளத்தைக் கணக்கிடவும் அங்கேயே பழகிவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 45 டிகிரி எல்போ (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு) இரண்டை வைத்துக் குழாயைப் பக்கவாட்டில் 300 மி.மீ. விலக்கினால், எல்போக்களின் மையத்துக்கு மையம் சாய்வு நீளம் அந்த விலகலைப் போல் 1.414 மடங்கு, அதாவது சுமார் 424 மி.மீ.; இதிலிருந்து எல்போக்களின் அளவையும் வெல்டிங் இடைவெளியையும் கழிக்காமல் வெட்டினால் குழாய் பொருந்தாது.

கொதிகலன் குழாய்களில் வெல்டிங்கும் செய்வதானால், ஐ.பி.ஆர். (இந்தியக் கொதிகலன் விதிமுறைகள்) வெல்டர் சான்றிதழைத் தனியே பெற வேண்டும்.